டோனாவூரில் ஒரு தண்ணீர்த் தொட்டி

திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் களக்காடு பஸ்ஸுக்குள் ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் சன்னலோரம் இடம் கிடைத்தது. முதுகெலும்பில் அறுவை செய்துகொண்டவனுக்கு அது சிம்மாசனம். பின்சக்கரத்துக்கு மேல் உட்கார நேர்ந்திருந்தால் ரோட்டுப் பள்ளங்களின் கணக்கை இடுப்பே எழுதி வைத்திருக்கும். ஆறு மாதம் பஸ்ஸே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. நான் கிளம்பியது ஐந்தாவது மாதத்தில். வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள் என்று பாளையங்கோட்டைக்குள்ளேயே ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அந்த நாலு மாதப் படுக்கையில் வலியைக்கூட ஒருவழியாகப் பழகிக்கொண்டேன். பழக முடியாதது, பார்க்க வந்தவர்களைத்தான். எங்கள் சபையில் ஒருவர் படுத்துவிட்டால் போதும், முறை வைத்தாற்போல் ஆட்கள் வருவார்கள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, வாயில் ஒரு வசனம். “கர்த்தர் ஒரு நோக்கத்தோடதான் படுக்க வெச்சிருக்கார்” என்பார் ஒருவர். இன்னொருவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்து, அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது மனசில் கிடக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். எட்டாம் நாள் பேச ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் போனில் அத்தையிடம் கொட்டித் தீர்த்தேன். அப்பாவின் மூத்த தங்கை, களக்காட்டில் இருக்கிறாள், மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பதின்மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஏலே, நடமாடுதவன் சொல்லுத ஆறுதல் படுத்துக் கிடக்கவன் காதுல ஏறாது. எந்திரிச்சு நடக்க முடிஞ்சதும் டோனாவூருக்கு ஒரு எட்டு போயிட்டு வா. போற வழியில என்னையும் பாத்துட்டுப் போ.”

நாங்குநேரி தாண்டியதும் மேற்கே மலை எழுந்து நிற்கிறது. ஐப்பசி மாதம், உச்சியெல்லாம் மேகம் இறங்கிக் கிடந்தது. குளங்களில் பாதித் தண்ணீர், பிசானத்துக்கு நாற்றங்கால் போட்டிருந்தார்கள். களக்காடு நெருங்க நெருங்க நெல் குறைந்து வாழை கூடுகிறது. எல்லாம் ஏத்தன். குலை தள்ளிய வாழைகளுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்ததைப் பார்த்தபோது இடுப்பில் நான் கட்டியிருந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அத்தை வீட்டு முன்னறையில் மாறியதாக எதுவும் இல்லை. உத்தரத்திலிருந்து ஒரு நூல் கயிறு தொங்குகிறது. சாண் இடைவெளியில் முடிச்சுகள். அதைப் பிடித்துத்தான் அவள் புரண்டு படுப்பாள். கீழிருந்து இரண்டாவது முடிச்சு கைபட்டுக் கைபட்டுப் புளியங்கொட்டை மாதிரி கறுத்து மினுங்கியது. தலைமாட்டுச் சுவரில் எண்ணெய்க் கறை. தலையணை பக்கத்தில் முதுகு பிய்ந்த ஒரு வேதாகமம், ஒரு ஞானப்பாட்டுப் புத்தகம், விசிறி, விக்ஸ் டப்பா. கால்மாட்டில் பழைய பீரோவிலிருந்து கழற்றிய ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்துக் கட்டியிருக்கிறாள். சன்னல் அவளுக்குப் பின்பக்கம் இருப்பதால் கண்ணாடி வழியாகத்தான் தெரு. பஸ்கள் எதிர்த் திசையில் போகும், கடைப் பலகைகளில் எழுத்து தலைமாறித் தெரியும். பதின்மூன்று வருஷத்தில் தமிழை இடவலமாக மாற்றிப் படிக்க அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

“என்னலே இப்படி மெலிஞ்சு போயிட்ட?” என்றாள். பிறகு என் நடையைக் கண்ணாடியில் கவனித்துவிட்டு, “இடது காலை இழுக்க. நாற்காலி வேண்டாம், அந்த முக்காலியில குத்த வையி, நிமிந்து இருக்கலாம்” என்றாள். நான் எங்கே உட்கார்ந்தால் வலிக்காது என்று யோசித்த முதல் ஆள் அவள்தான்.

டோனாவூர் என்று அவள் சொன்னது ஏமி கார்மைக்கேல் அம்மாவின் ஊரை. வட அயர்லாந்தின் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் 1867 டிசம்பரில் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1951இல் சாகும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1901 மார்ச்சில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து தொடங்கியதுதான் டோனாவூர்க் குழந்தைகள் இல்லம். தாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முந்தியது இது. மதராஸ் மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. இந்தப் பகுதியெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே எங்களுக்குக் கதையாகச் சொல்லப்பட்டது. சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று அவர் ஜெபித்ததும், பழுப்புக் கண்ணே நிலைத்ததும், பின்னாளில் காப்பித்தூளைத் தோலில் பூசிச் சேலை கட்டிக்கொண்டு வெள்ளைக்காரி என்று தெரியாமல் போய்வர அந்தக் கண்ணே உதவியதும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

ஞாயிறு பள்ளியில் அவ்வளவாகச் சொல்லாத பாதி அவருடைய கடைசி இருபது வருஷம். 1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருத்துவப் பணிக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்க வந்தார். இருட்டும் நேரம். புதிதாகத் தோண்டிப்போட்ட ஒரு குழி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் அடிபட்டது. வயது அறுபத்துமூன்று. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்றார்கள். பிறகு சில மாதத்தில் என்றார்கள். பழையபடி அவர் எழுந்து நடமாடவே இல்லை.

“அவ விழுந்தது நம்ம ஊர்ல, கேட்டியா?” என்றாள் அத்தை. சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. “நான் விழுந்ததும் இங்கனதான். களக்காட்டு மண்ணுக்கு அப்படி ஒரு ராசி.” அவள் விழுந்தது குளியலறையில். இடுப்பெலும்பு, அது கூடி வருமுன்னே பக்கவாதம்.

“உங்களுக்குக் கோவமே வரலையா அத்தே?”

“வராம? முதல் ரெண்டு வருசம் ராத்திரி ரெண்டு மணிக்கு கர்த்தர்கூட சண்டைதான். இப்பவும் படுக்கைப்புண்ணு வந்தா சண்டை உண்டு. சண்டை போடுத அளவுக்கு ஆள் பக்கத்துல இருக்காரேன்னு பெறவு ஒருநாள் தோணிச்சு.” கயிற்றைப் பிடித்து ஒருக்களித்துக்கொண்டாள். “நேரமாவுது, போயிட்டு வா. கல்லறைத் தோட்டத்துல ஒரு தொட்டி இருக்கும். அதுல தண்ணி கிடக்கான்னு பாத்துட்டு வா.”

களக்காட்டிலிருந்து டோனாவூர் பக்கம்தான். ஆட்டோவில் போனேன். ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் மலை. சற்றுத் தள்ளித் திருக்குறுங்குடி நம்பி கோயில். ஊரின் பெயர் எங்கள் பக்கத்துக் காதுக்கு இன்னும் அந்நியமாகத்தான் ஒலிக்கிறது. பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா என்ற பிரபு கொடுத்த பணத்தில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு; பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இந்தப் பகுதி முழுவதும் சபைகளை எழுப்பிய ரேனியஸ் ஐயர்தான் டோனாவையும் ஊரையும் சேர்த்து முடிந்துவைத்தார். ஏமி வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தியே ஊர் இருந்தது.

வாசலில் விவரம் சொல்லிக் காத்திருந்தேன். உள்ளே செங்கல் கட்டடங்கள், ஓட்டுக் கூரைகள், நிறைய மரம். கோபுரத்தோடு உயர்ந்து நிற்கும் ஜெப வீடு 1927இல் கட்டப்பட்டது. மருத்துவமனைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பரம சுக சாலை’. எங்கள் பக்கத்தில் “சுகமா?” என்று கேட்டால் உடம்பைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். வேதாகமத் தமிழிலும் சுகமாக்குவது என்றால் நோயைத் தீர்ப்பது. அந்தச் சாலையை எழுப்பப் பாடுபட்டுக்கொண்டிருந்த வருஷங்களில்தான் ஏமி குழியில் விழுந்தார். நோயாளிகளுக்குச் சுகம் தேடியவர் அதே வளாகத்தில் மிச்ச ஆயுள் முழுவதும் நோயாளியாகவே கிடந்தார். இதிலும் ஒரு ‘நோக்கம்’ கண்டுபிடிக்க ஆள் இருப்பார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி என்னைக் கூட்டிப்போக வந்தார். இங்கேயே வளர்ந்தவர். டோனாவூரில் மூத்த பெண்களை அக்காள் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களைச் சித்தி என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். மிஸ், மேடம், துரை எல்லாம் வாசலோடு சரி. ஏமி எல்லாருக்கும் அம்மா. நானும் அக்காள் என்றே கூப்பிட்டேன். நடந்துகொண்டே அவர் ஒரு விஷயம் சொன்னார். கைவிடப்பட்டு வந்த குழந்தைகளில் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் இங்கே வந்து சேர்ந்த நாளைத்தான் கொண்டாடுவார்கள். பூ வைப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், சின்னதாக ஒரு பரிசு கொடுப்பார்கள். “எனக்கும் வந்த நாள்தான். பிறந்த தேதியை பள்ளிக்கூடத்துல அவங்களே ஒண்ணு போட்டுக்கிட்டாங்க” என்று சிரித்தார்.

ஏமி படுத்திருந்த அறைக்குச் ‘சமாதான அறை’ என்று பெயர். அதற்குள் போய்ப் பார்க்க நான் கேட்கவில்லை. நாலு மாதம் ஓர் அறையின் உள்கூரையைப் பார்த்துக் கிடந்தவனுக்கு இன்னொருவர் கிடந்த அறையை வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வந்தது எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட புத்தகங்கள், கணக்கில்லாத கடிதங்கள், குழந்தைகளுக்கான துண்டுச் சீட்டுகள். ஒவ்வொருவராக அறைக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். நிர்வாகம் நடந்தது அங்கிருந்துதான். தூக்கம் வராது, நரம்பு வலி விழுவதற்கு முன்பிருந்தே உண்டு, போகப் போக மூட்டுகளும் பிடித்துக்கொண்டன. 1948இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்து இன்னும் முடங்கினார்.

1933இல் வெளிவந்த ஒரு புத்தகத்தைத்தான் அத்தை எனக்குப் படிக்கச் சொல்லியிருந்தாள். படுக்கையில் கிடக்கும் நண்பர்களின் ஒரு சிறு வட்டத்துக்குப் படுக்கையிலிருந்தே ஏமி எழுதிய கடிதங்கள் அவை. நோயாளிக்கு நோயாளி எழுதியது. அதில் ஓர் இடத்தில் எனக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. ஆறுதல் சொல்வதற்கென்று அச்சடித்த பிரதிகள் தபாலில் வந்து சேரும். எழுதியவர்கள் எல்லாம் நல்ல உடம்புக்காரர்கள். அது உள்ளே இறங்கவில்லை என்கிறார் ஏமி. உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட, புனிதர் என்று பலர் கையெடுக்கும் ஒரு பெண்மணி! என் சாத்துக்குடிக் கும்பல் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது.

அவர் எழுதியதையெல்லாம் நான் அப்படியே ஏற்பவனும் இல்லை. ஆரம்ப காலப் புத்தகங்களில் இந்த ஊர்க் கோயில்களையும் குடும்பங்களையும் பற்றி எழுதும்போது ஆளும் இனத்திலிருந்து வந்தவரின் கண் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. இருட்டு என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்கிறார். படுக்கையில் எழுதியவற்றில் அந்தக் குரல் அடங்கிவிட்டது என்பது என் எண்ணம். தன் வலி ஏன் வந்தது என்று விளக்க அவர் மெனக்கெடுவதில்லை. சரி என்று ஏற்றுக்கொண்ட இடத்தில் சமாதானம் கிடைத்தது என்கிறார். அந்த ஏற்பும் ஒருநாளில் முடிந்த காரியமாகத் தெரியவில்லை. விடிந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை. பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய நிருபத்தில் சந்தோஷம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதால் அது வெறும் தகவலாகவே இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் கல் இல்லை. டோனாவூரில் இறந்தவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைக் கற்கள் வைப்பதில்லை. மரங்களும் செடிகளுமாக வெறும் தோட்டம். யார் எங்கே என்று தெரியாது. தனக்கும் கல் வேண்டாம் என்று ஏமி சொல்லியிருந்தார். 1951 ஜனவரி 18இல், எண்பத்துமூன்றாம் வயதில் அவர் இறந்ததும் பிள்ளைகள் அந்த வார்த்தையையும் மீறாமல், சும்மா விடவும் மனமில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள். பிறந்த தேதி, இறந்த தேதி, வசனம் எதுவும் இல்லை.

நான் தொட்டிக்கு முன்னால் நின்றேன். பக்தியோடு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஆட்டோவில் வந்ததில் முதுகு கனன்றுகொண்டிருந்தது, அதுதான் தோன்றியது. அக்காள் என்னைப் பார்த்தார். “நிக்காதீங்க, அந்தத் திண்டுல உக்காருங்க. மேலே மரம் இருக்கு, வெயில் படாது” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு என்ன என்றும் கேட்கவில்லை. போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தொட்டியில் கிடந்த இலைகளை விரலால் வழித்துப் போட்டுவிட்டு ஊற்றினார். ஊற்றும் சத்தம் கேட்டதோ என்னவோ, புதரிலிருந்து தவிட்டுக்குருவிகள் ஒவ்வொன்றாகத் தத்தி வந்தன. அவை தனியாக வருவதே கிடையாது. வந்தால் ஒரு குடும்பமே சண்டை போட்டுக்கொண்டு வரும். ஒன்று விளிம்பில் நின்று குடித்தது. இன்னொன்று நேராக உள்ளே இறங்கி இறக்கையை அடித்து முங்கி எழுந்தது. எழுத்துகளின் மேல் தண்ணீர் தெறித்தது. மற்றவை கத்திக்கொண்டே முறைக்குக் காத்திருந்தன.

ஏறக்குறைய அரைமணி நேரம் அந்தத் திண்டில் இருந்தேன். தூரத்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம். நடுவில் வலி எங்கும் போய்விடவில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் முதல்முறையாக அதைப் பற்றி யாரிடமும் காரணம் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பது எழுந்து நடக்கும்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் களக்காட்டுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அத்தைக்கு ஏத்தம்பழம் வாங்கிக்கொண்டு போனேன், நன்றாகப் பழுத்ததாக. தோலில் கறுப்பு விழுந்தால்தான் அவளால் மெல்ல முடியும். கண்ணாடியில் ஈரத் தெரு தலைமாறிப் பளபளத்தது.

“தண்ணி கிடந்துச்சா?”

“ஊத்தினாங்க அத்தே. தவிட்டுக்குருவி குளிச்சிச்சு.”

“எத்தனை?”

“ஆறு, ஏழு இருக்கும்.”

திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு பழத்தை மென்றுகொண்டே பேச்சு எங்கெங்கோ போனது. கரையிருப்பு கிருஷ்ண பிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகத்துக்கு வந்து நின்றாள். அது அவளுக்குக் கல்லூரிப் பாடம். 1894இல் வந்த அந்தக் காவியத்துக்கு மூலம் ஜான் பனியன் சிறைவாசி ஆனபின் எழுதிய கதை. வகுப்பில் ஜான் பனியனின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பையன்கள் சட்டைக்குள் கையை விட்டுப் பனியனை இழுத்துக் காட்டிச் சிரிப்பார்களாம். “அவன் செயில்ல கிடந்தது பன்னிரண்டு வருசம். எனக்குப் பதிமூணு. அவன முந்திட்டேன்லே” என்று சொல்லி, அந்தப் பையன்களை நினைத்தோ பனியனை நினைத்தோ, கட்டில் ஆட ஆடச் சிரித்தாள். சிரிப்பில் புரை ஏறி, தண்ணீர் கொடுத்து, தலையைத் தட்டி, மறுபடி சிரிப்பு. எழுபத்துநாலு வயதில் ஒரு பக்கம் விளங்காத உடம்போடு ஒருத்தி அப்படிச் சிரித்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கிளம்பும்போது வழக்கமாக ஜெபம் பண்ணித்தான் அனுப்புவாள். அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்து, “தின்னவேலி வண்டி திரும்புது, ஓடாத, மெதுவாப் போ, உனக்காக நிப்பாட்டுவான்” என்றாள். நிறுத்தினான்.

டோனாவூருக்குப் போக நினைப்பவர்கள் முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அது பிள்ளைகள் வாழும் வீடு. கேமராவும் கையுமாக நுழைகிற இடம் இல்லை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, உங்கள் தெருவிலேயே படுத்த படுக்கையாக ஒருவர் இருப்பார். போய்ப் பாருங்கள். வசனம் வேண்டாம், அது அவருக்கு மனப்பாடம். பழம் வாங்கினால் கறுப்பு விழுந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.